இடிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு

பாளையங்கோட்டையின் பழைய தெருக்களில் ஒரு வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதலில் வந்து நிற்பவர் பழைய மரம் வாங்குகிறவர். தேக்கு உத்திரம், நிலை, கதவு, செங்கல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, ‘நாங்களே இடித்து எடுத்துக்கொள்கிறோம், மேற்கொண்டு பணமும் தருகிறோம்’ என்பார். செலவு வைக்க வேண்டிய வேலையில் வரவு வருகிறதே என்று வீட்டுக்காரரும் சம்மதித்துவிடுவார். எதை முதலில் எடுப்பீர்கள் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போகும். உயிர்கள் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

செங்கல் சுவர் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பக்கவாட்டில் தள்ளினால் ஒரு பக்கத்து இணைப்புகள் வாய் திறக்கப் பார்க்கும். மேலேயுள்ள மட்டப்பாக் கூரையின் எடை அவற்றைத் திறக்கவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. கூரையை எடுத்துவிட்டால் அந்த எடையும் போகிறது, சுவரின் தலையைப் பிடித்திருந்த கட்டைகளும் போகின்றன. நேற்றுவரை வீட்டையே தாங்கிய சுவர் இன்று காற்றுக்கும் சாயக்கூடும். அதனால் அதை மேலிருந்து வரி வரியாகப் பிரிக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அடியில் கடப்பாரை போட்டால் முழுச் சுவரும் ஒரே வீச்சில் விழும். இடித்த கற்களைச் சுவரோரம் குவித்தாலும் அந்தக் குவியலே சுவரைத் தள்ளும்.

பால்கனி இன்னும் விந்தையானது. பல வீடுகளில் அதன் வால்பகுதி சுவருக்குள் புதைந்திருக்கிறது. அதன்மேல் எழுந்த சுவரின் எடைதான் வெளியே நீளும் பகுதியைக் கவிழாமல் காக்கிறது. கட்டும்போது அடியில் முட்டு கொடுத்திருந்தார்கள். இடிக்கும்போது முட்டு இல்லாமல் மேல்சுவரைப் பிரித்தால், பால்கனி மேலே நிற்கும் தொழிலாளியோடு கவிழும். கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும் என்பதே இத்தொழிலின் அடிப்படை. கட்டட இடிப்புக்கான இந்தியப் பாதுகாப்பு விதித்தொகுப்பான ஐ.எஸ். 4130-ம் இதையே வலியுறுத்துகிறது.

வெடி வைத்தாலும் வரிசைதான். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் முடிந்தது. இந்த முறையில் வெடிமருந்து தூண்களை மட்டும் குறித்த நேர இடைவெளிகளில் வரிசையாக முறிக்கிறது. மீதி வேலையைக் கட்டடத்தின் சொந்த எடையே செய்துவிடுகிறது.

இடிக்காமல் விட்டாலும் ஆபத்துதான். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுனில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாடு முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது.

ஆகவே, விலை பேசுமுன் ஆளைப் பாருங்கள். வாசலில் நின்றபடியே ‘ஜேசிபி விட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்’ என்கிறவரை நம்பாதீர்கள். உள்ளே வந்து உத்திரம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறவர், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உண்டா என்று கேட்கிறவர், மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கைவைப்பேன் என்கிறவர்தான் தொழில் தெரிந்தவர். முன்பு அவர் இடித்த ஓர் இடத்தைப் போய்ப் பாருங்கள். தொழிலாளர்களுக்குக் காப்பீடு உண்டா, இடிபாடுகள் எங்கே போகும் என்று கேளுங்கள். குளத்திலும் ஓடையிலும் கொட்ட விடாதீர்கள். எதற்குப் பின் எதை எடுப்பார் என்பதை எழுதி வாங்குங்கள். எழுதித் தர முடியாதவர் எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.