உறைந்த தோளும் ஒத்தடமும்



தொழுகைக்கு நிற்கும் ஒருவர் தக்பீர் கட்டக் கைகளை உயர்த்துகிறார். ஒரு கை காதளவு எழுகிறது. மற்றொன்று மார்பளவிலேயே நின்றுவிடுகிறது. இல்லத்திலோ ஒரு தாய்க்குத் தம் தலையை வாரிக்கொள்ளவும் இயலவில்லை. 'வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்' எனச் சிலர் வாளாவிருக்கின்றனர். வேறு சிலர் கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் வைத்துத் தோலைச் சுட்டுக்கொள்கின்றனர். இவ்விரண்டும் தவறே.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உள்ளது. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதால் அது தளர்வாக அமைந்திருக்கிறது. அவ்வுறையில் அழற்சி உண்டாகி, பின்னர் கொலாஜன் எனும் நார்ப்புரதம் மிகுதியாகப் படிந்து, உறை தடித்துச் சுருங்கிவிடுவதே இந்நோய். 1934-ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இதனை 'உறைந்த தோள்' என்று அழைத்தார். 40 முதல் 60 வயதுக்குட்பட்டோரையே, குறிப்பாகப் பெண்களையும் நீரிழிவு நோயாளிகளையும், இது அதிகம் தாக்குகிறது. ஆகவே, காரணமின்றித் தோள் இறுகினால் இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் சோதித்துக்கொள்வது அவசியம்.

வெப்பம் இதற்கு எவ்வாறு உதவுகிறது? திசுவின் வெப்பநிலை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை உயரும்போது இறுகிய நார்கள் நீளும் தன்மையைப் பெறுகின்றன, இரத்த ஓட்டம் பெருகுகிறது, வலி தணிகிறது. ஆனால், வெப்பம் அந்நார்களைக் கரைத்துவிடுவதில்லை. ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டால், சூடு ஆறியதும் பழைய இறுக்கமே திரும்பிவிடும். இரும்பு பழுத்திருக்கும்போதே கொல்லன் அதனை வளைக்கிறான் அல்லவா? அதுபோல, சூடு இருக்கும்போதே கையை மெல்ல நீட்டி, சிறிது நேரம் அந்நிலையிலேயே பிடித்திருக்க வேண்டும். ஒத்தடம் துணை மட்டுமே, பயிற்சியே மருந்து.

வீட்டு ஒத்தடத்தின் சூடு தோலுக்கடியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழமே செல்லும். மூட்டின் உறையோ அதனினும் ஆழத்தில் உள்ளது. எனவேதான் இயன்முறை மருத்துவர்கள் 27.12 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கொண்ட ஷார்ட்வேவ் டயாதெர்மி கருவியையோ அல்ட்ராசவுண்ட் கருவியையோ பயன்படுத்துகின்றனர். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்போர் டயாதெர்மிக் கருவியின் அருகிலும் செல்லலாகாது. உடலில் உலோகத் தகடு இருந்தாலும், கருவுற்றிருந்தாலும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை. நீரிழிவு நீண்டநாள் இருந்தால் நரம்புகள் மரத்துப்போகக்கூடும். அத்தகையோர்க்குச் சூடு தெரியாது; தோல் வெந்து கொப்புளம் எழுந்த பின்னரே அறிவர். அப்புண் எளிதில் ஆறுவதுமில்லை. ஆகவே, உணர்ச்சி குன்றியிருந்தால் மருத்துவரைக் கேளாமல் ஒத்தடம் வேண்டாம். மற்றவர்களும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை, வீட்டில் நல்ல உணர்ச்சியுள்ள ஒருவர் தம் முன்கையில் வைத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துங்கள். 15 முதல் 20 நிமிடங்கள் போதும். இடையிடையே தோலை எடுத்துப் பாருங்கள். ஒத்தடத்தின் மீது படுத்து உறங்கிவிடாதீர்கள். புண், சீழ், புற்றுக்கட்டி, இரத்த உறைவு உள்ள இடங்களில் சூடு அறவே கூடாது.

இந்நோய் குணமாக ஓராண்டு முதல் மூன்றாண்டுகள் வரைகூட ஆகலாம். பொறுமையுடன் நாள்தோறும் பயிற்சி செய்தல் வேண்டும். வலியைப் பொருட்படுத்தாமல் பலவந்தமாகக் கையை இழுப்பது கேட்டையே விளைவிக்கும். அதுவரை தக்பீருக்குக் கை எவ்வளவு எழுகிறதோ அவ்வளவே உயர்த்துங்கள்; இயலாததை மார்க்கம் எவர் மீதும் சுமத்துவதில்லை.

இல்லத்துப் பிள்ளைகளே! உங்கள் பெற்றோர் சட்டை அணியத் தடுமாறுவதைக் கண்டால், வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துண்டின் சூட்டை உங்கள் கையில் முதலில் பார்த்துக் கொடுங்கள்.