மாதனூர் வட்டாரத்தில் காண்டற்குரியனவும் காத்தற்குரியனவும்

தொலைவிலுள்ளவற்றைப் போற்றி அண்மையிலுள்ளவற்றை மறத்தல் மக்களிடத்து இயல்பாய் அமைந்ததொரு குறையாகும். தஞ்சைப் பெருங்கோயிலையும் மாமல்லபுரத்துக் கற்றளிகளையும் காண நெடுவழி செல்லும் நம் மாணவர், சென்னையினின்றும் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்த மாதனூரைப் பேருந்தின் சாளரவழியே ஒரு கணம் நோக்கிக் கடந்துவிடுகின்றனர். “தோல் தொழில் நடக்கும் நாடு, அங்கே காண்டற்கு யாதுளது?” என்பது பலர் வினா. அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வட்டாரத்துக் கோயிலும் குகையும், நடுகல்லும் கோட்டையும், காடும் விலங்கும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. பாலாறு என்னும் ஒரே நூலிற் கோத்த மணிகள். நூல் அறுமாயின் மணிகள் சிதறும் என்பதையும் உடன் கூறுவேன்.

முதற்கண் நிலத்தின் அமைப்பை நோக்குவோம். மாதனூர் பாலாற்றின் தென்கரைப் புறத்தே உள்ளது. தெற்கே சவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. வடக்கே குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் குன்றுகள் ஆந்திர நாட்டெல்லையைத் தொட்டு நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே ஆற்றுப் பள்ளத்தாக்கு கிழக்குமேற்காக அமைந்துள்ளது. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது நல்லதொரு பாடநூல். மலையுச்சி குறிஞ்சி, அடிவாரத்துப் புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் முல்லை, ஆற்றோரத்து நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் வயல்கள் மருதம். ஐந்திணையுள் மூன்றனை ஒருங்கே காணும் பேறு எல்லா ஊர்க்கும் வாய்ப்பதன்று.

பாலாறு கர்நாடக மாநிலத்து நந்தி மலைப்பகுதியிற் பிறந்து, கோலார் நாட்டைக் கடந்து, ஆந்திர மாநிலத்தின் குப்பம் பகுதியிற் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டிற் புகுகின்றது. அதன் முழு நீளம் ஏறக்குறைய 348 கிலோமீட்டர். அவற்றுள் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிற்கே உரியன. வயலூரை அடுத்து அது கடலிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாற்றில் மேல்நீர் காணப்படுவதில்லை. வெண்மணற் பரப்பே கண்ணுக்குத் தோன்றும். ஆயினும் அம்மணலின் அடியில் நீர் ஊறிக்கொண்டிருக்கும். ஆற்று மணலில் ஊற்றுக்கால்களைத் தோண்டி, அவ்வடிநீரை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுசென்றனர் நம் முன்னோர். ஆகவே பாலாற்றின் மணல் வெறும் மணல் அன்று. அது நீரைக் காத்து வைக்கும் களஞ்சியம்.

இக்கரையில் ஊர்களும் கோயில்களும் எழுந்த காரணம் இதனால் விளங்கும். கிழக்கே விரிஞ்சிபுரத்தில் மார்க்கபந்தீசுவரர் கோயில் உள்ளது. வழித்துணைநாதர் என்பது அவ்விறைவன் திருப்பெயர். மிளகு வணிகன் ஒருவனுக்குக் காட்டுவழியில் துணைவந்தார் என்பது தலவரலாறு. புராணத்தை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடினும், வணிகரும் வழிப்போக்கரும் இவ்வழியே அஞ்சி அஞ்சிச் சென்றனர் என்னும் உண்மையை அப்பெயரே அறிவிக்கின்றது. இன்றைய நெடுஞ்சாலை புதிதாய்த் தோன்றியது அன்று. பழைய பெருவழியின் வழித்தோன்றலே ஆகும். அக்கோயிலின் வெளிப்பிராகாரத்தில் நிழலைக் கொண்டு பொழுதறியும் கல் ஒன்று உண்டு. ஒரு குச்சியை உரிய இடத்தில் வைத்தால், அதன் நிழல் விழும் குறியைக் கொண்டு நேரத்தை அறியலாம். பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதர் கோயில் ஆற்றின் தென்கரையில் விளங்குகின்றது. பெருக்கெடுத்து வந்த நதியைத் தடுக்கத் திருமால் குறுக்கே பள்ளிகொண்டார் என்பது அவ்வூரார் கூறும் கதை. ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சிய மக்களின் நினைவு அக்கதையில் உறைந்துள்ளது எனக் கொள்ளலாம்.

ஆம்பூரை அடுத்த மலையாம்பட்டின் அருகே ஆர்மாமலை என்னும் குன்றில் இயற்கைக் குகை ஒன்று உண்டு. அதனைக் கி. பி. எட்டாம் நூற்றாண்டளவில் சமண முனிவர் தம் பள்ளியாகக் கொண்டனர். குகையினுள் சுடாத மண்கற்களால் சிறு அறைகள் அமைத்து வாழ்ந்தனர். விதானத்திலும் சுவரிலும் சுதை பூசி வண்ண ஓவியங்கள் தீட்டினர். எண்டிசைக் காவலர் உருவங்கள் அவற்றுள் உள்ளன. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலை அறியாதார் இலர். அதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க ஆர்மாமலையை அறிந்தார் மிகச் சிலரே. 1882-ஆம் ஆண்டில் தொல்பொருட் பட்டியல் வெளியிட்ட இராபர்ட்டு சீவெல் இக்குகையைக் குறித்தனர். அன்றிருந்த வண்ணங்களிற் பெரும்பகுதி இன்றில்லை. மழையும் வெளவாலும் கெடுத்தவை சில. கரியாலும் சுண்ணத்தாலும் தம் பெயரைப் பொறித்துச் சென்றோர் கைகளாற் கெடுவன பல. ஆயிரத்திருநூறு ஆண்டுகள் நின்ற கோட்டை ஒருவன் ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிடக் கூடும்.

இனி, நடுகற்கள். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதலைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அறுவகையாக வகுத்துரைக்கின்றது. ஏட்டிற் கண்ட அவ்விலக்கணத்துக்குக் கல்லில் இலக்கியம் காணவேண்டுவோர் இப்பகுதிக்கு வருக. பல்லவ மன்னன் நிருபதுங்கனது 26-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், பொறிக்கப்பட்ட நடுகற் சாசனங்கள் ஆம்பூரில் கிடைத்துள்ளன. நுளம்பர் படை ஊர் ஆநிரையைக் கவர்ந்தபோது, அதனை மீட்கப் பொருது பட்ட வீரரை அவை நினைவுகூர்கின்றன. நிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. தோல் தொழிலாற் புகழ்பெற்ற இந்நாட்டின் செல்வம் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னும் ஆவும் எருதுமே என்பதை அக்கற்கள் சொல்லாமற் சொல்கின்றன. இத்தகைய கற்களை வயலோரத்திலும் வேப்பமரத்தடியிலும் ஊரார் தெய்வமென வழிபடுவதுண்டு. அவ்வழிபாடே அவற்றுக்கு அரணாகவும் அமைகின்றது.

பள்ளத்தாக்கு வணிகர்க்கு வழியாயின், படைக்கும் வழியாதல் இயல்பு. மேற்கினின்றும் ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்குவோர் ஆம்பூர்க் கணவாயைக் கடத்தல் வேண்டும். 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3-ஆம் நாள், சந்தா சாகிபு, முசாபர் சங்கு என்போரின் படைகளும் பிரெஞ்சுப் படையும் ஒன்றுகூடி வந்தபோது, ஆற்காட்டு நவாபு அன்வருதீன் அவ்விடத்தே எதிர்த்து நின்று போரில் மடிந்தார். தென்னாட்டின் ஆட்சி யார் கைப்படும் என்று ஐரோப்பியரிடையே நிகழ்ந்த நெடும்போராட்டத்துக்கு அப்போரே தோற்றுவாயாயிற்று. பின்னர் 1767-ஆம் ஆண்டில் ஐதர் அலி ஆம்பூர்த் துர்க்கத்தை முற்றுகையிட்டார். கால்வர்ட்டு என்னும் தளபதியின் சிறு படை அதனைக் காத்து நின்றது. துர்க்கம் இருந்த குன்றை நோக்குவோர், “இவ்விடத்தில் கோட்டை கட்டியது ஏன்?” என வினவிக் கீழே விரியும் வழியையும் ஆற்றையும் காண்பாராயின், வரலாறு தானே விளங்கும்.

மலையடிவாரப் புதர்களில் மஞ்சள் மலர் பூத்து நிற்கும் ஆவாரையைப் பலரும் கண்டிருப்பர். அதன் பட்டையே பண்டைத் தோல் தொழிலின் உயிர்நாடி. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டை ஊறிய நீரிற் பல நாள் பதப்படுத்தி, கடுக்காய் நீரில் முடித்து எடுப்பர். பட்டை புதர்க்காட்டினின்றும், கடுக்காய் மலைக்காட்டினின்றும், நீர் பாலாற்றினின்றும் வந்தன. 1856-ஆம் ஆண்டில் சென்னையினின்றும் வாலாஜா வரை அமைந்த இருப்புப்பாதை பின்னர் மேற்கே நீண்டபின், பதமிட்ட தோல் துறைமுகம் சேர வழி எளிதாயிற்று. தோல் தொழில் இங்கே வேரூன்றியது தற்செயல் அன்று. நிலமும் நீரும் செடியும் வழியும் கூடி அதனை வளர்த்தன. யோப்பா பட்டணத்தில் பேதுரு தங்கியிருந்த தோல் பதனிடும் சீமோனது வீடும் கடலோரத்தில் இருந்ததாகவே திருமறை கூறுகின்றது. எந்நாட்டிலும் இத்தொழில் நீரை நாடியே வாழ்ந்துளது.

ஆனால், 1970-க்குப் பின்னர்க் குரோமிய உப்பைக் கொண்டு விரைவிற் பதமிடும் முறை பெருகியது. கழிவுநீரின் உப்பும் இரசாயனமும் நிலத்தடி நீரிற் கலந்தன. முன்னர்க் கூறிய மணற்களஞ்சியம் நல்ல நீரைக் காத்தது போலவே நஞ்சையும் காத்து வைத்துக்கொண்டது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றுமோ ஒரு பகுதியோ பயிர்க்கு உதவாததாயிற்று என்னும் ஆய்வு அதிற் சுட்டப்பெற்றது. தீங்கு வருமுன் காத்தல் வேண்டும் என்பதும், மாசு செய்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இன்று இந்தியா முழுதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்தாளப்படும் நெறி, நம் பாலாற்றங்கரைக் கண்ணீரினின்றும் பிறந்தது என்பதை எத்துணைப் பேர் அறிவர்? 2025-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாளும் அந்நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்புரைத்து, துன்புற்றோர்க்கு இழப்பீடு தந்து அதனை மாசு செய்தோரிடமிருந்து பெறுமாறு ஆணையிட்டது. இருபத்தெட்டு ஆண்டுகட்குப் பின்னும் அதே ஆற்றைப் பற்றி ஆணை வேண்டியிருந்தது என்பதே நிலைமையை உணர்த்தும். எனினும் தொழிலையே பழித்தல் முறையன்று. காலையில் தொழிற்சாலைப் பேருந்துகளில் நிறைந்து செல்லும் பெண்மக்களின் இல்லங்களில் அடுப்பெரிவது இத்தொழிலால் அன்றோ? தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும். ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

விலங்கும் பறவையும் இவ்வட்டாரத்தில் இன்னும் முற்றும் அருகிவிடவில்லை. சவ்வாது மலைக்காடுகளில் கரடியும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் வாழ்கின்றன. அடிவாரக் கொல்லைகளில் மயிலும் கௌதாரியும் திரிகின்றன. வடபால் குன்றுகளில் யானை வருவதும் உண்டு. ஆந்திர மாநிலத்துக் கௌண்டின்யக் காட்டில் 1980-க்குப் பின்னரே யானைகள் வந்து தங்கின. 1990-இல் அக்காடு புகலிடமாக அறிவிக்கப்பட்டது. மாநில எல்லையை மாந்தர் அறிவர், யானை அறியாது. ஆதலின் அவை குடியாத்தம், பேர்ணாம்பட்டு எல்லைக் கொல்லைகளிற் புகுந்து கரும்பையும் வாழையையும் அழித்தல் நேர்கின்றது. அவ்விடத்து உழவரின் துயரை அறியாது, யானையின் அழகை மட்டும் பாடுவது நமக்கு அழகன்று.

ஆறு வறண்டது என்று அதனை எளிதாய் எண்ணுதலும் தவறு. 1903-ஆம் ஆண்டு நவம்பரில், மேற்கே ஏரிகள் உடைய, பாலாறு பெருகி வாணியம்பாடியைப் பாழாக்கியது. 2021-ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மாதனூரையும் வடகரையிலுள்ள உள்ளியையும் இணைத்த தரைப்பாலம் உடைந்து, குடியாத்தம் செல்லும் வழி அற்றது. மணலை வாரியும் கரையைக் குறுக்கியும் ஆற்றுக்குரிய இடத்தை நாம் கொள்வோமாயின், தனக்குரியதை ஆறு ஒருநாள் கேட்டே தீரும்.

இவ்வட்டாரத்தைக் காணப் புகுவோர்க்குச் சில சொல்ல விரும்புகின்றேன். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. குகைக்கும் குன்றுக்கும் தனியே செல்லாது ஊரார் ஒருவரைத் துணைக்கொள்க. அவர் வாய்மொழியே சிறந்த வழிகாட்டி நூல். காப்புக்காட்டிற் புகுமுன் வனத்துறையினரின் இசைவு பெறுக. ஓவியத்தைத் தொடாதீர், கல்லெழுத்தின்மேல் சுண்ணமும் எண்ணெயும் பூசாதீர், நிழற்படம் எடுத்து, ஊர்ப்பெயரும் நாளும் குறித்துக் கொள்க. எங்கேனும் எழுத்துடைய கல்லைப் புதிதாய்க் கண்டால், அதனைப் பெயர்க்காது தொல்லியல் துறையார்க்கு அறிவியுங்கள். கல் தன் இடத்தே நிற்கும்வரையே அது முழுமையாய்ப் பேசும். எதனைக் காணினும், “இஃது ஈண்டு அமைந்தது ஏன்?” என்னும் ஒரு வினாவை மறவாதீர். அவ்வினா பெரும்பாலும் உங்களை ஆற்றங்கரையிற் கொண்டு நிறுத்தும்.

மழை வளம் குன்றிய காடும் மலையும் பாலை எனப்படும் நிலையை எய்தும் என்பது பண்டையோர் கொள்கை. வயலும் கிணறும் மனிதர் கையாலேயே பாலையாகக் கூடும் என்பதை அவர் கண்டிலர், நாம் கண்டோம். குகையோவியத்தையும் நடுகல்லையும் பழம்பொருள் எனப் போற்றும் நாம், அவை யாவற்றுக்கும் முற்பட்ட பழம்பொருளாகிய பாலாற்றை அவ்வரிசையில் முதலில் வைத்து எண்ணுதல் வேண்டும். இக்கல்லூரியினின்றும் வெளிச்செல்வோருள் நாளை ஆலை நடத்துவோர், அலுவல் பார்ப்போர், ஆசிரியர், வழக்குரைஞர் எனப் பலர் ஆவர். அவருள் ஒருவரேனும் தம் தொழிலிடையே இவ்வாற்றை நினைந்து ஒரு நற்செயல் புரிவாராயின், இச்சிறு கட்டுரை எழுதியதன் பயனை யான் பெற்றவனாவேன். படைப்பனைத்தையும் நம் கையில் ஒப்புவித்த ஆண்டவன் அதற்குரிய நெஞ்சத்தையும் நமக்கு அருள்வானாக.