கானாவூரில் கவனித்த கண்கள்



2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இரவை நம் பகுதி மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளிலும் இருந்த வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீடுகளைச் சந்திக்கச் சென்றபோது நான் எதிர்பாராத ஒரு காட்சியைக் கண்டேன். நனைந்த அரிசி மூட்டை ஒரு பக்கம், சேறு படிந்த பீரோ ஒரு பக்கம். நடுவில், மொட்டை மாடி வெயிலில் விரித்து வைக்கப்பட்ட திருமண ஆல்பங்கள்! ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பெண்கள் மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டிவி போனதற்கு அழாதவர்கள் அந்தப் படங்களுக்காக அழுதார்கள். "எங்க அப்பா முகம் இதுல மட்டுந்தான் ஃபாதர் இருந்துச்சு" என்றார் ஒரு தாய்.

அதுவரை திருமணப் படம் எடுப்பதை ஓர் ஆடம்பரத் தொழிலாகவே நான் நினைத்திருந்தேன். ஆலயத்தில் போட்டோகிராபர்களோடு பலமுறை முகம் சுளித்ததும் உண்டு. அந்த மொட்டை மாடிகள் என் எண்ணத்தை மாற்றின. ஒரு குடும்பம் தன் நினைவைக் காப்பாற்றி வைக்க யாரோ ஒருவர் கையில் தன்னை ஒப்படைக்கிறது. அந்த ஒருவர் யார், எப்படிப்பட்டவர் என்பது சிறிய காரியமல்ல.

இன்று இந்தத் தொழிலுக்குப் பெண்களும் வருகிறார்கள். காலையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்களில் ஏறிப் போகும் பெண்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போகும் பெண் கொஞ்சம் புதியவர்தான். "பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை எதுக்கு?" என்ற கேள்வி வீட்டிலேயே எழுகிறது. எனவே ஒரு கத்தோலிக்கப் பெண் இத்தொழிலைத் தன் விசுவாச வாழ்வின் அழைப்பாக ஏற்க முடியுமா என்று இங்கே சிந்திப்போம்.

கவனிப்பதும் ஓர் ஊழியமே

கானாவூர்த் திருமணத்தை (யோவா 2:1-11) நாம் அனைவரும் அறிவோம். திராட்சை இரசம் தீர்ந்துவிட்டதை இயேசுவிடம் எடுத்துச் சொன்னவர் யார்? பந்தி மேற்பார்வையாளர் அல்ல, மணமகனும் அல்ல. விருந்துக்கு வந்திருந்த ஒரு பெண், நம் அன்னை மரியா. எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டின் குறையையும் வேதனையையும் அவருடைய கண்கள் கவனித்தன. இன்னொன்றையும் யோவான் குறிப்பிடுகிறார். அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்டு வந்த பணியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. திருமண வீட்டில் வேலை செய்ய வந்தவர்களே அருங்குறியை மிக அருகில் கண்டவர்கள்!

நம் ஆலயத் திருமணங்களிலும் பீடத்துக்கு மிக அருகில் நிற்பவர்களில் ஒருவர் புகைப்படம் எடுப்பவர். அவர் அங்கே வெறும் கூலியாளாக நிற்கலாம். அல்லது, கண்டு உணரும் பணியாளராகவும் நிற்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், பொதுநிலையினர் தங்கள் அன்றாட உலகக் கடமைகளின் நடுவிலிருந்தே புளிப்பு மாவைப்போல் உலகைத் தூய்மைப்படுத்த அழைக்கப்பட்டவர்கள் என்று கற்பிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் மனித உழைப்பு பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலையின் மதிப்பு முதலில் அதைச் செய்யும் மனிதரிடமிருந்தே வருகிறது என்கிறார். அப்படியானால் கேமராவும் ஒருவருக்கு இறையழைப்பின் கருவியாகலாம்.

கார்மேல் மடத்திற்குள் ஒரு கேமரா

இதற்கு வரலாற்றில் அழகான ஒரு சான்று உண்டு. நம் வீடுகளில் சிறுமலர் குழந்தை தெரசம்மாளின் படம் இருக்கிறதல்லவா? அந்த முகத்தை நமக்குக் காட்டியவர் அவருடைய அக்கா செலின் மார்ட்டின். நோயுற்றிருந்த தந்தை லூயியைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவர் செலின். 1894 ஜூலையில் தந்தை இறந்ததும், அதே ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி பிரான்சின் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். தலைவியின் அனுமதியோடு தன் கேமராவையும் உடன் கொண்டு சென்றார். அடைபட்ட மடத்திற்குள் அது அரிதான காரியம். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளில் படம் பதிய, எதிரில் இருப்பவர் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தெரசம்மாள் 1897 செப்டம்பர் 30-ஆம் தேதி தம் 24-ஆம் வயதில் இறக்கும்வரை, துணி துவைக்கும் இடத்திலும் தோட்டத்திலும் சகோதரிகளோடு அவர் இருந்ததைச் செலின் படம் பிடித்தார். மடத்தில் தெரசம்மாள் எப்படி இருந்தார் என்பதை அந்தப் படங்களால்தான் இன்று நம்மால் பார்க்க முடிகிறது.

செலின் எடுத்தவை திருமணப் படங்கள் அல்ல. ஆனால் அவர் ஒரு புனிதத் திருமணத்தின் கனி. அவருடைய பெற்றோர் லூயியும் செலியும் 1858 ஜூலை 13-ஆம் தேதி மணம் செய்துகொண்டவர்கள். 2015 அக்டோபர் 18-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைக் கணவன்-மனைவியாக ஒன்றாகவே புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இந்த வரலாற்றில் ஒரு பாடமும் இருக்கிறது. தங்கை மேலிருந்த அன்பினால், செலின் அவருடைய முகத்தை இன்னும் அழகாக்கி, திருத்தி, ஓவியங்களாகவும் வெளியிட்டார். உலகெங்கும் பல ஆண்டுகள் பரவியவை பெரும்பாலும் அந்தத் திருத்திய படங்களே. செலின் 1959-இல் இறந்த பிறகு, 1961-இல் அசல் படங்கள் நூலாக வெளிவந்தன. உறுதியும் உழைப்பும் தெரிந்த உண்மையான முகத்தை அப்போதுதான் மக்கள் கண்டார்கள். அந்த முகம் பக்தியைக் குறைக்கவில்லை, கூட்டியது.

நம் மண்டபங்களில் என்ன நடக்கிறது? "பொண்ணைக் கறுப்பாக் காட்டாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆல்பத்தில் மணமகளின் நிறமே மாறிவிடுகிறது. கடவுள் தம் சாயலில் படைத்த முகத்தை வெட்கப்பட வேண்டிய முகம் என்று அந்தப் பெண்ணுக்கே நாம் சொல்லிக்கொடுக்கிறோம். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் நாம் தியானிக்கும் வெரோணிக்காவைப் புகைப்படக் கலைஞர்கள் தங்கள் பாதுகாவலியாகக் கொள்வது மரபு. அவருடைய பெயருக்கு 'உண்மையான உருவம்' என்றே மரபு பொருள் சொல்லி வந்திருக்கிறது. அவர் துடைத்தது இரத்தமும் தூசியும் படிந்த முகம். துணியில் பதிந்ததும் அந்த முகமே. உள்ளதை உள்ளபடி, ஆனால் அன்போடு காட்டுவதே விசுவாசமுள்ள புகைப்படக் கலைஞரின் முதல் அறம்.

எந்த நொடி திருமணம்?

விசுவாசம் இத்தொழிலில் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு. தாலி கட்டும் நேரம் வந்தால் கேமராக்கள் எல்லாம் பீடத்தை நெருங்குகின்றன. "ஃபாதர், இன்னொரு தடவை கட்டச் சொல்லுங்க" என்று கேட்டவர்களும் உண்டு. நம் பண்பாட்டில் தாலிக்கு உரிய மதிப்பு பெரிது, அதை நாம் மந்திரித்தே கொடுக்கிறோம். ஆனால் திருமணத்தை உருவாக்குவது மணமக்களின் சம்மதம் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1057). இருவரும் வலக்கைகளைச் சேர்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாக வாய்விட்டுச் சொல்லும் அந்த நேரமே திருமணம் நிகழும் நேரம். இந்தத் திருவருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். இரு சாட்சிகள் உடனிருக்கிறார்கள்.

மறைக்கல்வியில் இதைக் கற்ற பெண் கேமராவைப் பிடித்திருந்தால், எந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வார்த்தை தடுமாறும் மணமகனையும், கண் கலங்கும் மணமகளையும் அவர் தவறவிட மாட்டார். நற்கருணை மன்றாட்டின் போது கேமராவைத் தாழ்த்தி முழந்தாளிடவும் அவருக்குத் தெரியும். திருவழிபாட்டைப் படம் எடுப்பவர்கள் அதற்கு இடையூறு செய்யக் கூடாது, தேவையான இடத்தில் மிகுந்த அடக்கத்தோடு எடுக்க வேண்டும் என்று 1967-இல் வெளிவந்த நற்கருணை மறைபொருள் பற்றிய அறிவுரை சொல்கிறது. இந்த அடக்கம், மன்றாடத் தெரிந்தவரிடம் தானாகவே இருக்கும்.

ஒதுங்கி நிற்கும் தாய்

பெண்கள் இத்தொழிலுக்கு வருவதால் கிடைக்கும் நன்மை ஒன்றல்ல. மணப்பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறையில் ஓர் ஆண் கேமராவோடு நிற்பதைவிட, ஒரு பெண் இருப்பது எவ்வளவு ஆறுதல்! இது இன்று தோன்றிய எண்ணமும் அல்ல. 1892-இலேயே ஐதராபாத்தில் ராஜா தீன் தயாள் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்து, அதை ஒரு பெண்ணின் பொறுப்பில் விட்டார்.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கணவனை இழந்த தாயை மேடைக்கு வரவிடாமல் தூணுக்குப் பின்னால் நிறுத்தும் வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இன்னும் ஒழியவில்லை. நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்டு பரிவுகொண்ட ஆண்டவருடைய சீடர்கள் நாம் (லூக் 7:11-17). அப்படியிருந்தும், அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாய் ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட இல்லாமல் போகிறார். அங்கே கேமராவைத் தாழ்த்திவிட்டு, "அம்மா, நீங்க வாங்க. உங்க பிள்ளை பக்கத்துல நில்லுங்க" என்று அழைக்கும் ஒரு பெண், அன்னை மரியா கானாவூரில் செய்ததையே செய்கிறார். யாரும் கவனிக்காத குறையை அவர் கவனிக்கிறார். கோயிலில் நான் அரை மணி நேரம் பிரசங்கம் செய்து மாற்ற முடியாததை அந்த ஒரு வார்த்தை மாற்றிவிடக்கூடும்.

இந்தத் தொழிலின் பாரம்

இந்த அழைப்புக்குச் சிலுவையும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் இல்லை. தவக்காலத்தில் பொதுவாக நம் வீடுகளில் இல்லை. மற்ற மாதங்களில் முகூர்த்த நாள்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் ஓய்வில்லாமல் கழியும். எல்லாச் சமயத்தவர் திருமணங்களுக்கும் செல்லும் கத்தோலிக்கப் பெண், அங்கும் அதே மரியாதையோடு நின்று பணிபுரிந்தால், அதுவே ஒரு சாட்சியம். ஞாயிறு திருப்பலிக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1248). வேலையைக் காரணம் காட்டிக் கடவுளை விட வேண்டியதில்லை, கடவுளைக் காரணம் காட்டி வேலையை விட வேண்டியதும் இல்லை.

நம் பங்குக்கும் கடமைகள் உண்டு. திருமணத்துக்கு முன்பே பங்குத்தந்தையும் புகைப்படம் எடுப்பவரும் பேசி, எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்துகொள்ளலாம். அதனால் பீடத்தின் அருகே நடக்கும் வீண் பேச்சு குறையும். ஆல்பத்துக்காகக் கடன் வாங்கி, அந்தக் கடனோடு இல்லறத்தைத் தொடங்க வேண்டாம். பேசிய கூலியை நாள் கடத்தாமல் கொடுங்கள். வேலையாளுக்குரிய கூலியைப் பிடித்து வைப்பது பாவம் என்று யாக்கோபின் திருமுகம் கடுமையாக எச்சரிக்கிறது (யாக் 5:4). வரவேற்பு முடிந்து இரவு பத்து, பதினொரு மணிக்கு அந்தப் பெண் எப்படி வீட்டுக்குப் போவார் என்று கேளுங்கள். அவர் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். திருமண வீட்டாரைக் கவனிக்க வந்தவரை, திருமண வீட்டார் கவனிக்க வேண்டாமா?

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் மகள் இந்தத் தொழிலைத் தேர்ந்துகொண்டால் அஞ்சாதீர்கள். அவளிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "நீ காட்டுவது உண்மையா? நீ பார்ப்பது அன்போடா?" இரண்டுக்கும் 'ஆம்' என்று அவள் சொன்னால், கேமராவின் மேல் கை வைத்து ஜெபித்து அனுப்புங்கள்.

வெள்ளத்தில் நனைந்த அந்த ஆல்பங்களில் சில உலர்ந்தன, பல அழிந்துபோயின. காகிதத்தில் பதிந்த முகம் அழியலாம். ஆனால் தம் உள்ளங்கைகளில் நம்மைப் பொறித்து வைத்திருப்பதாக ஆண்டவர் எசாயா வழியாகச் சொல்கிறார் (எசா 49:16). அந்த மறவாத அன்பின் சிறு நிழலாகவே, ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பத்திரப்படுத்துகிறார்.

கானாவூரில் கவனித்த அன்னை மரியா, திருமண வீடுகளில் உழைக்கும் நம் சகோதரிகள் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக! ஆமென்.