மார்கழி மாதத்து வீட்டுத் தோட்டம்

மார்கழி பிறந்ததும் யாழ்ப்பாணத்து இல்லங்களிலே பண்டிகை ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. திருவெம்பாவை, நத்தார், தைப்பொங்கல் என விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மாவிலையும் மலரும் வாழையும் மஞ்சளும் நாள்தோறும் தோட்டத்திலிருந்து கொய்யப்படுகின்றன. ஆயினும் செடிகொடிகளைப் பொறுத்தவரையில் இக்காலம் மிகவும் நுட்பமானது. இப்போது நேரும் கவனக்குறைவின் விளைவு வைகாசியிலும் ஆனியிலுமே கண்ணுக்குப் புலப்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. ஓராண்டிற் பெய்யும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான மாரிகாலத்திலேயே கிடைக்கிறது. அந்நீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அதுவே கிணற்று நீர். குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அதுவே முதன்மையான ஆதாரம்.

மாரியிற் செடிகள் வாடுவதைக் கண்டு, நீர் போதவில்லையென எண்ணி மேலும் நீர் வார்ப்போர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் துளைகளில் நீர் தேங்கினால் காற்று வெளியேறுகிறது. வேர் மூச்சின்றி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாமையால் இலை துவள்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழை குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. அத்தகைய மழைக்கு முன்னரே பாத்திகளை உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, நீர் ஓடும் வழியைத் திறந்துவைத்தல் வேண்டும். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் நாற்றுக்கள் நெருக்கமாக நின்றால் அடித்தண்டு அழுகிச் சாயும். விதையை ஐதாக விதைத்து, நாற்றுமேடையை உயரமாக அமைத்து, மாலையில் நீர் தெளிப்பதைத் தவிர்த்தால் இக்கேட்டைப் பெரிதும் குறைக்கலாம்.

உரமிடுவதிலும் நிதானம் தேவை. மழை பொழியும் நாளில் இட்ட யூரியா செடிக்குப் பயன்படுவது சிறிதே. அது மண்ணில் நைத்திரேற்றாக மாறி, மழைநீரோடு பாறை வெடிப்புக்களின் வழியே கிணற்றைச் சென்றடைகிறது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் விவசாயப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை தாண்டப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் முதலிற் பாதிக்கப்படக்கூடியவர்கள் கைக்குழந்தைகளே. ஆதலால் மழை ஓய்ந்த பின்னர், சிறிது சிறிதாகவே உரத்தை இடுதல் நன்று. மக்கிய சாண எருவும், முன்னோர் தாழ்த்திவந்த பூவரசங் குழையும் மெல்ல மெல்லவே சத்தை விடுவிப்பன.

இனி, பண்டிகைக்காகக் கொய்யும் முறையைப் பார்ப்போம். மாமரத்தின் பூங்கொத்து முற்றிய கிளையின் நுனியிலுள்ள மொட்டிலிருந்தே வெளிப்படுகிறது. மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சியில் அம்மொட்டுப் பூக்க ஆயத்தமாகிறது. தோரணத்துக்கும் நிறைகுடத்துக்குமென வெயில் படும் வெளிக்கிளைகளின் நுனிகளை முறித்தால், அவ்வாண்டு அந்நுனிகளில் தோன்றவிருந்த பூவும் காயும் இல்லாமற்போகின்றன. கறுத்தக்கொழும்பான் நிற்கும் வளவில் இது சிறிய இழப்பன்று. தோரணத்துக்கு இலைகளைத் தனித்தனியே காம்போடு கொய்யலாம். கொத்தாக வேண்டுமாயின், நிழலில் நிற்கும் உட்கிளைகளிலிருந்து எடுக்கலாம்.

வாழையின் இயல்பு வேறு. ஒரு வாழை ஒருமுறையே குலை ஈனும். எனவே வாயிலிற் கட்டுவதற்குக் குலை முற்றிய வாழையைத் தேர்ந்து வெட்டினால் நட்டமில்லை. பக்கத்திலுள்ள குட்டிகளுக்கு ஊறு நேராதவாறு வெட்டினாற் போதும். பொங்கற் பானையிற் கட்டும் மஞ்சளோ சித்திரை, வைகாசியில் நடப்பட்டு எட்டு ஒன்பது மாதங்களில் முற்றுவது. பானைக்கு வேண்டிய ஓரிரு செடிகளை மட்டும் கிழங்கோடு பிடுங்கி, ஏனையவற்றை இலை காயும்வரை விட்டுவைத்தால் கிழங்கு நன்கு திரளும்.

மல்லிகையோ வெட்டப்படவேண்டியது. புதுத் தளிர்களிலேயே அது மிகுதியாகப் பூக்கும். மழை குறைந்ததும், நிலத்திலிருந்து ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் உயரத்தில் கிளைகளைக் கத்தரித்து, நோயுற்ற கொம்புகளை நீக்கி, அடியில் எருவிட்டால் பங்குனி தொடக்கம் மலர் மிகும். கண்ணுக்கு அழகாயிருக்கிறதென்று பழங்கிளைகளை அப்படியே விட்டுவைப்பதால் பூக் குறையும்.

பொங்கல் முடிந்ததும் தோட்டத்தை மறந்துவிடுதல் பலரின் வழக்கம். செடிகளுக்குச் சோதனை தொடங்குவதும் அப்போதே. தை மாதத்திலே மழை விலகுகிறது. வாடைக்காற்றும் ஏறிவரும் வெயிலும் மேல்மண்ணை விரைவில் உலர்த்துகின்றன. மாரியில் நனைந்த நிலத்தின் ஈரம் போகுமுன், செடியின் அடியைக் காய்ந்த சருகாலும் வைக்கோலாலும் மூடிவிடல் வேண்டும். மூடாக்குத் தண்டைத் தொடாது சிறிது விலகியிருக்கட்டும். விழாவுக்குக் கட்டிய வாழையையும் வாடிய தோரணத்தையும் தெருவில் எறியாது நறுக்கி இம்மூடாக்கோடு சேர்க்கலாம். அவை மக்கி மண்ணோடு கலக்கும்; கிணற்றில் இறைக்கும் நீரும் மிஞ்சும். கோடையில் நீர்மட்டம் தாழும்போது, மார்கழியிலும் தையிலும் செய்த இச்சிறு வேலைகளின் பயன் இல்லத்தார்க்கு நன்கு விளங்கும்.