கொல்லைப்புறக் கனிகள் – 9: கமலாவுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும்

நர்சரிக்குப் போகிறவர்களை முதலில் இழுப்பது கன்று அல்ல, கன்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் படம். இலை தெரியாத அளவுக்கு ஆரஞ்சு நிறப் பழங்கள் குலுங்கும் அந்தப் படத்தை நம்பி, சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் எத்தனையோ வீடுகளில் கமலா ஆரஞ்சு வைத்திருக்கிறார்கள். கன்று வளரும். சில ஆண்டுகளில் காய்க்கவும் செய்யும். ஆனால் காய் பச்சையாகவே நிற்கும். இன்னும் பழுக்கவில்லை என்று காத்திருப்பார்கள். கடைசியில் உரித்துப் பார்த்தால் சுளை வறண்டு சக்கையாகியிருக்கும்.

சென்ற வாரம் பார்த்த கொய்யா எந்த ஊரோடும் ஒத்துப்போகும். இந்த வாரம் பார்க்கும் எலுமிச்சைக் குடும்பம் அப்படியில்லை. ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ஊரின் இரவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆரஞ்சுத் தோலின் நிறம் குளிரால் வருவது. இரவு வெப்பம் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போதுதான் தோலில் உள்ள பச்சையம் சிதைந்து, அடியில் இருக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரியும். சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதனால் உள்ளே நன்றாகப் பழுத்த பழமும் வெளியே பச்சையாகவே இருக்கும். இலங்கையில் மொனராகலை மாவட்டத்துப் பிபிலைத் தோடம்பழம் பச்சைத் தோலோடுதான் பழுக்கிறது. நம் வீட்டுத் தொட்டியிலும் அதே கதைதான்.

ஆகவே நிறம் பார்த்துப் பறிக்காதீர்கள். காய் முழு அளவுக்கு வந்து, கையில் கனத்து, தோலின் சொரசொரப்பு குறைந்ததும் ஒன்றைப் பறித்துத் தின்று பாருங்கள். இனித்தால் மற்றவற்றையும் பறிக்கத் தொடங்கலாம். புளித்தால் இரண்டு வாரம் மரத்திலேயே விடுங்கள். மாவையும் வாழையையும் போல இதைப் பறித்து வைத்துப் பழுக்கவைக்க முடியாது. மரத்தை விட்டு வந்த பிறகு இனிப்பு ஏறாது. எத்திலீன் வாயு காட்டினால் தோல் நிறம் மாறும், சுளையின் சுவை மாறாது.

நிறம் போனால் போகட்டும், சுவை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சிக்கல் அங்கேயும் இருக்கிறது. இரவிலும் வெக்கை அடங்காத ஊரில் பழத்தின் புளிப்பு வேகமாகக் குறைந்துவிடும். இனிப்போடு புளிப்பும் சேர்ந்து நின்றால்தான் கமலா கமலாவாக இருக்கும். தமிழ்நாட்டில் அதற்கென்று அமைந்த இடம் மலை. கடல்மட்டத்திலிருந்து 500 முதல் 1,500 மீட்டர் உயரம் வரை அது செழிக்கும். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிச் செடிகளுக்கு நடுவே வளர்ந்து பேர் வாங்கிய மரம் அது. குடகிலும் காபியும் ஆரஞ்சும் அப்படித்தான் சேர்ந்து வளர்ந்தன. ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ உங்களுக்கு வீடு இருந்தால் தயங்காமல் கமலா வையுங்கள்.

குளிர்காலத்தில் நம் ஊர்த் தள்ளுவண்டிகளில் குவியும் கின்னோவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அது கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஆராய்ச்சி நிலையத்தில் எச்.பி. ஃப்ராஸ்ட் இரண்டு மாண்டரின் ரகங்களைச் சேர்த்து உருவாக்கி, 1935-ல் வெளியிட்ட ரகம். பஞ்சாபின் கொளுத்தும் கோடையும் நடுக்கும் குளிரும் அதற்கு வாகாக அமைந்தன. நம் சமவெளியில் கோடை மட்டும்தான் கிடைக்கும்.

சமவெளிக்காரர்கள் எதை வைக்கலாம்? என் பதில், முதலில் எலுமிச்சை, அடுத்து நாரத்தை. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயிர் நம் வெயிலோடு எவ்வளவு ஒட்டிப்போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகக் கன்று கிடைத்தால் வாங்குங்கள். நாரத்தையோ காய்ப்பதற்கு முன்பே பயன் தரத் தொடங்கிவிடும். அதன் கொழுந்து இலையை மிளகாய், பெருங்காயத்தோடு இடித்தால் வேப்பிலைக்கட்டி. காய்த்த பிறகு, உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த நாரத்தங்காய் துண்டு ஒன்று போதும், காய்ச்சல்காரரின் வாய்க்குக் கஞ்சி இறங்க. இப்படிப்பட்ட மரத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துக் கமலாவின் பின்னால் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தரையில் இடம் இருந்தால் சாத்துக்குடியும் பம்பளிமாஸும் வைக்கலாம். மாடித் தொட்டி மட்டும்தான் என்றால் விதையில்லா எலுமிச்சை. கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் வேண்டுமென்றால் கலமண்டின். அதன் பழம் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிது, நல்ல புளிப்பு, ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் ஆகும்.

விதையா, ஒட்டுக்கன்றா என்ற கேள்வி எப்போதும் வரும். மா விதையும் கொய்யா விதையும் தாயைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. எலுமிச்சையும் கமலாவும் இதில் வேறு. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் உண்டானவை அல்ல, தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை. ஆகவே தாயின் அச்சு மாறாது. திடமாக வளரும் நாற்றை வைத்துக்கொண்டு, குட்டையாகக் கோணி நிற்பதைக் களைந்தால் போதும். பம்பளிமாஸில் இது நடக்காது. அங்கே ஒரு விதைக்கு ஒரு நாற்று, அதன் பழம் எப்படி இருக்கும் என்பது காய்த்தால்தான் தெரியும். எந்த விதையானாலும் காயவிடாமல், பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றிவிடுங்கள்.

விதைக்கன்றின் குறை காலம். காய்ப்புக்கு வர ஐந்து முதல் எட்டு ஆண்டுகள்கூட ஆகும், அதுவரை முள்ளாக நிற்கும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும். அதை நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே அரை அடியாவது இருக்கட்டும். புதைந்தால் ஈரத்தில் பட்டை அழுகிப் பிசின் வடியும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் துளிர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் உடனே கிள்ளிவிடுங்கள். அது அடியில் உள்ள காட்டு எலுமிச்சையின் துளிர். விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தைச் சாகடித்துவிடும்.

நகரத்து மாடியில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் வாட்டுவது போர்வெல் தண்ணீர். எலுமிச்சைக் குடும்பத்துக்கு உப்பு ஆகாது. இலை நுனி கருகத் தொடங்கினால் மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ தாராளமாக ஊற்றி, தொட்டியின் அடி ஓட்டை வழியே உப்பு வெளியேறும்படி செய்யுங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் துத்தநாகப் பற்றாக்குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்ஃபேட் கலந்து, இளந்துளிர் விரிந்ததும் தெளிக்கலாம்.

ஆனால் எல்லா மஞ்சளும் பற்றாக்குறை அல்ல. நடுநரம்பின் இருபுறமும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் சத்துக்குறை. ஒருபுறம் ஒரு விதமாகவும் மறுபுறம் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக இருந்தால் கிரீனிங் நோயாக இருக்கலாம். காய் ஒருபக்கம் சாய்ந்து கோணலாகி, அடிப்பகுதி பச்சையாகவே நின்றால் சந்தேகம் வலுக்கும். இது பாக்டீரியாவால் வருவது, மருந்து கிடையாது. 2005-ல் ஃபுளோரிடாவுக்குள் நுழைந்து அங்கிருந்த ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்ததும் இதுவே. இதைப் பரப்புவது சில்லிட் என்னும், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. பின்புறத்தைத் தூக்கியபடி கொழுந்தில் உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் அது நோயைக் கடத்துவதைக் கபூர் குழுவினர் 1967-ல் நிறுவினார்கள்.

அந்தப் பூச்சிக்குப் பிடித்த இன்னொரு செடி கறிவேப்பிலை. நம் வீடுகளில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில்தான் இருக்கின்றன. கறிவேப்பிலை இல்லாத வீடு எனக்குக் கற்பனைக்கே வரவில்லை, அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். தொட்டிகளை எட்டத் தள்ளி வையுங்கள், கறிவேப்பிலைக் கொழுந்தை அடிக்கடி ஒடித்துச் சமையலுக்கு எடுங்கள், இரண்டுக்கும் துளிர் வரும் நாட்களில் சோப்புக் கரைசலோடு வேப்பெண்ணெய் தெளியுங்கள். நோய் உறுதியான மரத்தை மட்டும் தயங்காமல் வேரோடு எடுத்துவிட வேண்டும். வளர்த்தவருக்கு அது வலிக்கும். ஆனால் தெருவில் உள்ள மற்ற எலுமிச்சைகளுக்கு அந்த ஒரு மரம்தான் ஆபத்து.

(அடுத்த வாரம்: மாதுளை வெடிப்பது ஏன்?)