வெண்புள்ளியில் நிறத்தை நடும் டிரிப்சின்

வெண்புள்ளி தொற்றாது, தொழுநோயும் அல்ல. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, சிறுவங்கூரிலுள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். அடுத்தது, மருந்துக்கும் ஒளிச் சிகிச்சைக்கும் மசியாத புள்ளியிலும் நிறம் தரும் செல்களை நட வழி உண்டு என்பது.

அந்த வழியில் முக்கிய வேலை டிரிப்சினுடையது. குடலில் புரதத்தைச் செரிக்கக் கணையம் சுரக்கும் நொதிதான் அது. தொடைத் தோலை மிக மெல்லியதாகச் சீவி, டிரிப்சின் கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வைப்பார்கள். மேல்தோல் செல்களைப் பிணைக்கும் புரதங்களுக்குக் கால்சியம் தேவை. அதைப் பறிக்க இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். பிடி தளர்ந்ததும் டிரிப்சின் அந்தப் புரதங்களை வெட்டும். அதுவும் லைசின், ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் இடங்களில் மட்டும்.

ஆய்வகத் தட்டில் வளரும் செல்களின் மேல் இதே கரைசலை ஊற்றிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நெருங்கிப் படர்ந்திருந்த கெரட்டினோசைட்டுகள் என்னும் மேல்தோல் செல்கள் சில நிமிடங்களில் ஓரம் சுருங்கி, விலகி, பளபளக்கும் உருண்டைகளாகி மிதக்கும். தோலில் சுமார் 36 செல்களுக்கு மெலனின் என்ற நிறமியை வழங்கும் மெலனோசைட்டும் தன் நீண்ட கைகளை இழுத்துக்கொள்ளும். பிறகு எது எந்தச் செல் என்று கண்ணால் சொல்வது கடினம். உருண்டதெல்லாம் செத்ததல்ல. டிரிபான் நீலச் சாயம் விட்டால், சவ்வு சிதைந்த செல் மட்டுமே நீலமாகும்.

நேரம் மீறினால் ஆபத்து. நொதி செல்லின் மேற்பரப்புப் புரதங்களையே அரிக்கும். உடைந்த செல்லிலிருந்து வெளிவரும் பிசுபிசுப்பான டிஎன்ஏ, நல்ல செல்களையும் கட்டிகட்டியாகச் சேர்த்துவிடும். ஆகவே தடுப்பானைச் சேர்த்தோ கழுவியோ நொதியை நிறுத்தி, மையவிலக்கியில் சுழற்றிச் செல்களை எடுத்து, லேசாகத் தேய்த்த வெண்புள்ளியில் பரப்புவார்கள். சிறு நாற்றங்காலைக் கொண்டு பெரிய வயலை நடுவதைப் போல, சீவிய தோலைவிடப் பத்து மடங்கு பரப்பைக்கூட இப்படி மூடலாம்.

சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் இந்த முறை ஆராயப்பட்டிருக்கிறது. ஜோத்பூர் மருத்துவர்களோ டிரிப்சினையே விட்டுவிட்டார்கள். களிம்பு தடவிய தொடைத் தோலைத் தேய்த்து, திரளும் விழுதைப் புள்ளியில் வைக்கும் முறையை 2017-இல் வெளியிட்டார்கள். நொதியும் மையவிலக்கியும் தேவையில்லை என்பதால், மாவட்ட மருத்துவமனைகளுக்கு இதுவே தோது என்பது என் கணிப்பு.

எந்த முறையானாலும், புள்ளி ஓராண்டாவது பரவாமல் நின்றிருந்தால்தான் நடவு. பரவிக்கொண்டிருந்தால் களிம்பு விற்பவரை நம்பி நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.