கம்ப்யூட்டர் ஓடுது, படம் வரல! ஏன்?



கம்ப்யூட்டர் திரையில் நாம் பார்ப்பது எல்லாம் புள்ளிகள்தான். முழு எச்.டி. மானிட்டரில் குறுக்கே 1920, மேலிருந்து கீழே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒரு நொடிக்கு 60 தடவை படம் மாறினால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் சொல்ல வேண்டும்! இந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

எங்க அக்கா வீட்டிலிருந்தே ஆட்டோகேட் டிராயிங் போட்டுக் கொடுக்கலாம்னு மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தாங்க. நம்ம ஊர் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அண்ணா சாலை பக்கம் இருக்கும் ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்தோம். எல்லாம் மாட்டி ஆன் செய்தால், பத்து நிமிஷத்தில் திரை முழுக்க கலர் கலராகப் புள்ளி, அப்புறம் ஒரே கறுப்பு. ஃபேன் மட்டும் சுத்துது.

கார்டு பில்லில் "7 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்" என்று எழுதியிருந்தது. அதற்குள் தப்பு எந்தப் பாகத்தில் என்று கண்டுபிடிக்கணும். இல்லைன்னா கார்டு கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். மேல சொல்வார், எஸ்.எம்.பி.எஸ். கடைக்காரர் கார்டு மேல சொல்வார். தவணை மட்டும் நின்று கொண்டிருக்காது. அதனால் நாங்க வரிசையாகப் பார்த்தோம். அந்த வரிசை உங்களுக்கும் உதவும்.

முக்கிய எச்சரிக்கை: கேபினெட்டைத் திறக்கும் முன் பிளக்கையே பிடுங்கி விடுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலை செய்யுங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி இருக்கும். பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும்.

1. கேபிள் எங்கே செருகி இருக்கிறது?
பின்னாடி பார்த்தால் மதர்போர்டிலும் ஒரு மானிட்டர் பாயிண்ட் இருக்கும், கார்டிலும் இருக்கும். கார்டில்தான் செருகணும். நிறைய பேர் வீட்டில் "படமே வரல" என்பதற்கு இதுதான் காரணம். கேபிளையும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். நாங்க மாற்றினோம், புள்ளி போகல.

2. மதர்போர்டு என்ன சொல்லுது?
ஆன் செய்தவுடன் மதர்போர்டு தானே ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கும். குட்டி ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் பீப் சத்தம் வரும். அவார்டு பயாஸில் ஒரு நீள பீப், ரெண்டு குட்டி பீப் என்றால் டிஸ்ப்ளே பிரச்சினை. கம்பெனிக்குக் கம்பெனி சத்தம் மாறும், புத்தகத்தைப் பார்க்கணும். புது மதர்போர்டுகள் சிலவற்றில் 'வி.ஜி.ஏ.' என்று எழுதிய குட்டி விளக்கு எரியும்.

3. சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கரண்ட் போதுமா?
கார்டைக் கழற்றி, 'டிக்' என்று பூட்டு விழும்வரை நேராக அழுத்தி மாட்டணும். கார்டுக்கு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். 6 பின் வயர் 75 வாட் தரும், 8 பின் வயர் 150 வாட் தரும். 120 வாட் கார்டு என்றால் ஸ்லாட் மட்டும் போதாது, வயரும் மாட்டணும். அக்கா கார்டு 75 வாட்டுக்குள் ஓடுவது, அதில் தனி வயருக்கு இடமே இல்லை.

4. டிரைவர் தப்பா, கார்டு தப்பா?
எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸ் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸ் கிடையாது, விண்டோஸுக்குள் ஏற்றிய டிரைவரும் கிடையாது. அங்கேயும் புள்ளி, கோடு வந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. விண்டோஸில் மட்டும் வந்தால் முதலில் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடணும். எங்களுக்கு பயாஸிலேயே புள்ளி வந்தது.

5. மாற்றிப் போட்டுப் பார்ப்பது
பிராசஸருக்குள்ளேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு பாயிண்ட்டில் பார்க்கலாம். ஆனால் இன்டெல் பிராசஸர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அந்த வசதி கிடையாது. அக்காவோடது அந்த வகை. அதனால் எதிர்வீட்டு அண்ணனோட கம்ப்யூட்டரில் அக்கா கார்டைப் போட்டோம். பத்து நிமிஷத்தில் அங்கேயும் புள்ளி! அந்த அண்ணன் கார்டை அக்கா கம்ப்யூட்டரில் போட்டோம். அது இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும் கார்டு. ஒரு மணி நேரம் நல்லா ஓடிச்சு. அப்படியென்றால் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நல்லது, கார்டுதான் கெட்டது. ரெண்டு பக்கமும் மாற்றிப் பார்த்ததால்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அறிவியல் சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும்தானே மாற்றுகிறோம்? இதுவும் அதேதான். எல்லாத்தையும் ஒரே சமயத்தில் மாற்றினால் படம் வரலாம், ஆனால் ஏன் வந்தது என்று தெரியாது.

புதுக் கார்டு எப்படிக் கெடும்?
கார்டின் சிப்புகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஈயப்பற்று உருண்டைகள் இருக்கும். சூடானால் பொருள் விரியும், ஆறினால் சுருங்கும் என்று படித்திருக்கிறோம். உருண்டை சரியாக ஒட்டாமல் இருந்தால் சூடானதும் விலகும், படம் கெடும். பெரிய கம்பெனிக்கும் இது நடந்திருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா கம்பெனி, தன் லேப்டாப் சிப்புகள் சில இப்படிப் பழுதானதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிலர் கார்டை அவனில் வைத்துச் சூடாக்குவார்கள். அதைச் செய்யாதீர்கள். விஷப் புகை வரும், வாரண்டியும் போய்விடும்.

நம் ஊருக்குத் தனியாக ஒன்று. இங்கே உப்புக்காத்தும் சாம்பல் தூசியும் சேர்ந்து வருது. தூசி ஃபேனை அடைக்கும், உப்பு ஈரம் உலோகத்தை அரிக்கும். ஜன்னல் ஓரம் கம்ப்யூட்டர் வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பில் தராமல் இருப்பது அதன்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் போட்ட நாட்களுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் நாள் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

ஆறாவது நாள் அக்கா கார்டு, பில், சோதனை எழுதின நோட்டு, செல்போனில் எடுத்த வீடியோ எல்லாம் எடுத்துப் போனாங்க. கடைக்காரர் முதலில், "எஸ்.எம்.பி.எஸ். வீக்கா இருக்கும்மா" என்றார். நோட்டைப் படித்துப் பார்த்துவிட்டு அவர் கம்ப்யூட்டரிலேயே மாட்டினார். பத்தாவது நிமிஷம் புள்ளி வந்தது. வேறு கார்டு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆகவே நண்பர்களே, மிக்ஸி, ஃபேன், டி.வி. எது வாங்கினாலும் பில்லை பத்திரமாக வையுங்கள். பழுதானால் என்ன செய்தோம், என்ன ஆச்சு என்று தேதி போட்டு எழுதுங்கள். "ஓடல" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். "இதை மாற்றினேன், இது நடந்தது" என்று சொன்னால் கேட்பார்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி